வாசலைப் பார்க்கும் நாற்காலி

மிதித்துவிட்டான்!

வேறு யார் மிதித்திருந்தாலும் மனசு ஆறியிருக்கும். கண்ணாடிக் கடைக்காரனே மிதித்துவிட்டான்... அதுவும் தன் கடை வாசலிலேயே!

மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்து பிடித்துக்கொண்ட மதியம் அது. கல்லூரியில் பாடம் முடித்துப் பேருந்துக்கு ஓடிக்கொண்டிருந்தவள், கையிலிருந்த காகிதங்கள் நனையக் கூடாதே என்று மார்போடு அணைத்தபடி, கண்ணில் பட்ட முதல் கூரைக்கடியில் பாய்ந்தாள். அதே நொடியில் கதவைப் பூட்டிவிட்டு அவன் திரும்பினான். ஒரு மோதல்... ஒரு 'ஐயோ'... மூக்கிலிருந்து நழுவிய கண்ணாடி... அதன்மேல் அவனுடைய கால். நொறுங்கிய சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

அவளுக்கு உலகமே கரைந்துபோயிற்று. கண்ணாடி இல்லையென்றால் கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாமே அவளுக்குத் தண்ணீர் கொட்டிய ஓவியம்தான்.

"உங்களுக்கென்ன கண்ணு தெரியாதா?"

"எனக்குத் தெரியும்ங்க..." என்றது எதிரே நின்ற மங்கலான உருவம். "இனிமே உங்களுக்குத்தான் தெரியாது."

"உடைச்சதும் இல்லாம கிண்டல் வேறயா?"

"கிண்டல் இல்லீங்க, மன்னிச்சிடுங்க. உள்ள வாங்க. உடைச்சவனே செஞ்சு குடுத்திடறேன்."

"நீங்க எப்படிச் செய்வீங்க?"

"மேல போர்டைப் பாருங்க."

"எதை வெச்சுப் பாக்கறது?"

அந்த உருவம் சிரித்தது. சிரிப்பு முடிந்த விதம்தான் அவளுக்கு என்னவோ போல் இருந்தது... சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிட்டவன் வாயை மூடிக்கொண்டது போல.

பூட்டிய கதவை மறுபடி திறந்தான். தோளில் மாட்டியிருந்த சின்னப் பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"எங்கயோ கிளம்பிட்டிருந்தீங்க போல... நான் நாளைக்கு வரட்டுமா?"

"பரவாயில்ல, உக்காருங்க. நான் போற இடத்துல என்னை யாரும் எதிர்பாக்கல."

அதை வருத்தமாகச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்பது போலச் சொன்னான்.

கண் பரிசோதிக்கும் அறை ஒரு அலமாரியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஒரு பக்கம் எழுத்துப் பலகை. இன்னொரு பக்கம் மரப்பெட்டியில் வரிசை வரிசையாகக் கண்ணாடி வில்லைகள். கனமான சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டிவிட்டு, ஒவ்வொரு வில்லையாகப் போட்டான்.

"இது நல்லாருக்கா... இல்ல, இதுவா?"

"முதல்லது."

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம்..."

"இப்போ தெளிவா தெரியுதா?"

கடைசி வில்லை விழுந்தது. பலகையில் எழுத்து தெரிவதற்கு முன்னால் அவள் எதிரே இரண்டு கண்கள் தெரிந்தன. அவ்வளவு கிட்டத்தில், எந்த அறிமுகமும் இல்லாமல்! மழை விட்ட பிறகு யாரும் இன்னும் நடக்காத தெரு எப்படி இருக்கும்... ஈரமாக, வெளிச்சமாக, ஆளரவமே இல்லாமல்? அப்படி இருந்தன அந்தக் கண்கள்.

"தெரியுதா?" என்று மறுபடி கேட்டான்.

"தெரியுது..." என்றாள். பலகையை அவள் பார்க்கவே இல்லை.

சரி, தூரப் பார்வை முடிந்தது. கிட்டப் பார்வைக்கு ஒரு அட்டையை நீட்டினான். அவள் தலையை ஆட்டினாள்.

"அட்டை வேண்டாம். நாளைக்கு வகுப்புல பசங்களுக்கு இதைத்தான் படிச்சுக் காட்டணும். இது தெரிஞ்சா போதும் எனக்கு." அணைத்து வைத்திருந்த காகிதங்களிலிருந்து ஒரு பத்திரிகைத் துணுக்கை உருவினாள்.

அவளுடைய வேலையே அதுதான். ஒரு கட்டுரை எப்படி மனசைத் திருப்புகிறது, எந்தச் சொல் எங்கே நம்மைப் பிடித்து இழுக்கிறது என்று பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது. அதற்கு அவள் எடுத்துக்கொண்டது ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்தி எழுதும் ஒருவரை. குடியைப் பற்றி, வேலைக்கு அனுப்பப்படும் குழந்தைகளைப் பற்றி, சாக்கடையில் இறங்குகிறவர்களைப் பற்றி எழுதுகிறவர். நல்ல மனுஷர். அவர் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பட்டறையில் கிடந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவளுடைய அப்பா அவருக்கு வைத்த பெயர் 'நம்ம ஞாயித்துக்கிழமைக்காரர்'.

அவள் படித்தாள்.

"மஞ்சள் கட்டடத்தின் முதல் அறையில் ஒரு நாற்காலி இருக்கிறது. அது ஜன்னலைப் பார்த்துப் போடப்படவில்லை. வாசலைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது. அதில் ஒரு தாய். யாருக்காகக் காத்திருக்கிறாள்? கேட்க வேண்டுமா என்ன? அவளுடைய மூக்குக்கண்ணாடி பளிச்சென்று துடைக்கப்பட்டிருக்கிறது. துடைத்தது மகன் அல்ல. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் யாரோ ஒருத்தி. மகன் அந்த அறைக்குள் காலடி வைத்து வருஷக்கணக்காகிறது. வாசகரே, அந்த மகன் உங்கள் தெருவில்தான் இருக்கிறான். நீங்கள் அவனுக்கு வணக்கம் சொல்கிறீர்கள்."

படித்து முடித்தபோது அவள் குரல் கம்மியிருந்தது. எப்போதும் அப்படித்தான்.

"எழுத்து தெரியுதா?" என்று கேட்டான் அவன்.

"தெரியுது. ஆனா பாருங்களேன்... மகன் கெட்டவன்னு ஒரு வார்த்தை அவர் சொல்லல. கண்ணாடியைக் காட்டறார், அவ்வளவுதான். நமக்கே கோவம் வருது. அதுதாங்க எழுத்து!"

வில்லையை எடுக்க வந்த அவன் விரல் சட்டத்தில் தட்டியது. அவள் கண்முன் உலகம் ஒரு முறை ஆடி நின்றது.

"அந்த மகன் எதிர்ல வந்தா என்ன பண்ணுவீங்க, டீச்சர்?"

"மூஞ்சியைக் கூடப் பாக்க மாட்டேன்."

அவன் விளக்கை அணைத்தான்.

"பவர் கொஞ்சம் ஏறியிருக்கு. சாயங்காலம் வாங்க, ரெடியா இருக்கும்."

* * *

புதுக் கண்ணாடிக்கு அப்புறம் என்னென்ன நோய் வரும் என்று கேட்டால் அவளைத்தான் கேட்க வேண்டும். ஒரு வாரம் திருகாணி தளர்ந்தது. அடுத்த வாரம் மூக்கில் அழுத்தியது. இன்னொரு நாள் எதுவுமே ஆகவில்லை... அன்றைக்கும் போனாள்.

"இன்னிக்கு என்ன டீச்சர்?"

"காதுகிட்ட என்னமோ பண்ணுது."

"எந்தக் காது?"

அவள் யோசித்தாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாடியின் காதுக்கம்பி இரண்டையும் சூடு காட்டி வளைத்தான். திருப்பி மாட்டிவிடும்போது விரல் படாமல் மாட்டிவிட்டான். அந்தப் படாத விரல் வீடு போய்ச் சேரும்வரை காதோரம் இருந்தது.

"வியாழக்கிழமை மத்தியானம் மட்டும் கடை இல்லைன்னு போட்டிருக்கீங்களே, ஏன்?"

"அன்னிக்கு நான் கண்ணாடி துடைக்கப் போவேன்."

"தினமும் துடைக்கறது பத்தாதாக்கும்!"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. வானம் எந்நேரமும் மூடியே கிடந்த மாதம் அது. அவன் முகமும் அந்த வானம் மாதிரிதான்... நடுவில் எப்போதாவது ஒரு வெளிச்சம் வரும், அது தன்னால் வருகிறது என்பதில் அவளுக்கு ஒரு கர்வம்.

வீட்டில் அப்பா கண்டுபிடித்துவிட்டார். அம்மா போன பிறகு மகளுக்கு அப்பாவும் அம்மாவுமாக இருந்தவர். முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கத் தெரியாதா?

"கண்ணாடி மாத்தினதுலேர்ந்து ஆளே மாறிட்டியேம்மா. யாரு அது?"

"யாரும் இல்லப்பா."

"அந்த யாரும் இல்லாதவரை ஒரு நாள் கூட்டிட்டு வா. அவங்க அப்பா அம்மாவையும்தான்."

மறுநாளே கடைக்கு ஓடினாள். அன்றைக்கும் தூறல். கடையில் வேறு யாரும் இல்லை.

"எங்கப்பா உங்களைப் பாக்கணுமாம்... உங்க வீட்லேர்ந்தும் வரச் சொன்னார்."

அவன் துடைத்துக்கொண்டிருந்த சட்டத்தைக் கீழே வைத்தான்.

"அப்பா எப்பவோ போய்ட்டார். அம்மா இருக்காங்க... ஒரு ஹோம்ல."

"அப்படியா? எந்த..."

"மஞ்சள் கட்டடம். முதல் ரூம்."

மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும், டீச்சர். நீங்க அவ்வளவு ஆசையாப் படிச்சீங்க... அப்புறம் சொல்றேன், அப்புறம் சொல்றேன்னு தள்ளிப்போட்டுட்டேன். நீங்க திருகாணி தளர்ந்துடுச்சுன்னு வர ஆரம்பிச்சீங்க. அதுக்கப்புறம் சொல்ல மனசு வரல."

"பொய்தானே? அவர் எழுதினது... பொய்னு சொல்லுங்க."

"அம்மா ரூமுக்குள்ள நான் போயி வருஷக்கணக்காச்சு. அது நெசம்தான்."

"ஏன்?"

அந்த ஒரு கேள்விக்கு அவன் பதில் சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. உதடு அசைந்தது, அப்புறம் இறுகிக்கொண்டது. அப்பேர்ப்பட்ட பிடிவாதத்தை அவள் திமிர் என்று நினைத்தாள். அவளுக்கும் ரோஷம் பொங்கியது. கோபத்தில் சொந்த வார்த்தை கிடைக்காமல் போய், வகுப்பில் நூறு தடவை படித்த வார்த்தைதான் வாயில் வந்தது.

"அந்த மகன் உங்கள் தெருவில்தான் இருக்கிறான்... நான் வணக்கம் சொல்லிட்டிருந்திருக்கேன்!"

சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். குடையை அங்கேயே மறந்துவிட்டாள்.

* * *

அழுகிற கண்ணுக்குக் கண்ணாடி ஒரு தொந்தரவு. கழற்றினால் ஒன்றும் தெரியாது, போட்டால் ஆவி படிந்துவிடும். அந்த நாட்களில் அவள் பாதி நேரம் கழற்றியேதான் வைத்திருந்தாள்.

"என்னம்மா, எப்ப வர்றார் உன் கண்ணாடிக்காரர்?" என்று கேட்ட அப்பாவிடம், "வர மாட்டார்ப்பா" என்றாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்தியை மட்டும் அன்றைக்குச் சத்தம் போட்டுப் படிக்காமல் தனக்குள்ளேயே படித்துக்கொண்டார்.

பருவ முடிவில் அந்தக் கட்டுரை வகுப்புக்கு மறுபடி வந்தது. அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கட்டுரையாக இருந்தாலும் மாணவர்களிடம் இரண்டு பென்சில் எடுக்கச் சொல்வாள். எழுதியவர் கண்ணால் கண்டதற்கெல்லாம் கீழே நீலக் கோடு. நாம் நம்ப வேண்டும் என்று அவர் நினைப்பதற்கெல்லாம் சிவப்புக் கோடு. குடியைப் பற்றிய கட்டுரைக்குப் போட்டிருக்கிறாள், குழந்தைகளைப் பற்றியதற்குப் போட்டிருக்கிறாள். இந்த ஒன்றுக்கு மட்டும் போட்டதே இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைத்துக்கொள்ளும்... நெஞ்சு அடைத்தவள் பென்சிலை எங்கே எடுப்பது?

அன்றைக்கு ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து எடுத்தாள்.

நாற்காலி... நீலம். வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறது... நீலம். அதில் ஒரு தாய்... நீலம். கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது... அதுவும் நீலம்தான், பார்த்திருக்கிறார்.

'யாருக்காகக் காத்திருக்கிறாள்? கேட்க வேண்டுமா என்ன?'

பென்சில் நின்றது. கேட்கவில்லை! அவரே சொல்கிறார், கேட்கவில்லை என்று! அந்த வரியை எத்தனை வகுப்பில் 'ஆஹா' என்று புகழ்ந்திருக்கிறாள்!

'துடைத்தது மகன் அல்ல.' யார் சொன்னது? துடைக்கும்போது இவர் பார்த்தாரா?

சிவப்புக் கோடு போட்டாள். அன்னிக்கு நான் கண்ணாடி துடைக்கப் போவேன்... என்று ஒருவன் சொன்னதும், தான் சிரித்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று வியாழக்கிழமை.

* * *

மஞ்சள் கட்டடம் பேருந்து போகும் கடைசி நிறுத்தத்துக்கும் பின்னால் இருந்தது. கட்டுரையில் படித்தபோது இருந்ததைவிட நிறம் மங்கியிருந்தது. முதல் அறை, திறந்த கதவு, வாசலைப் பார்த்த நாற்காலி. எல்லாம் அவர் எழுதியபடியேதான். அதில் ஒரு அம்மாள், பஞ்சு போல் நரைத்த தலை. ஆனால் முகத்தில் கண்ணாடி இல்லை.

"உங்களுக்கு யாரு வேணும்?" என்று கேட்டபடி வந்தாள் அங்கே வேலை பார்க்கும் நர்ஸ்.

"அவங்க கண்ணாடி எங்க?"

அந்தக் கேள்வியில் நர்ஸ் கொஞ்சம் திகைத்தாள். அப்புறம் பின்பக்கத்து நடையைக் காட்டினாள்.

"பையன் துடைச்சிட்டிருக்கார். வாராவாரம் வருவார். நான் எடுத்துட்டுப் போய்க் குடுப்பேன். துடைச்சு, வளைச்சு, எல்லாம் சரி பண்ணித் தருவார். நடுவுல ஒரு வியாழக்கிழமை மட்டும் ரொம்ப லேட்டா வந்தார். என்னன்னு கேட்டா, யாரோட கண்ணாடியையோ மிதிச்சுட்டேன்னு சிரிக்கறார்."

"உள்ள ஏன் வர்றதில்ல?"

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள் போலிருக்கிறது.

"எது பழசு, எது இப்போன்னு ஞாபகமே கலைஞ்சு போச்சு அந்தம்மாவுக்கு. புருஷன் போட்டு அடிப்பானாம், தூக்கத்துல புலம்புவாங்க. இந்தப் புள்ள அப்படியே அப்பன் ஜாடை. வளர வளர அதே மூஞ்சி. உள்ள வந்தா, அவன்தான் வந்துட்டான்னு அலறி, கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கறாங்க. ரெண்டு மூணு தடவை பாத்தாரு... அப்புறம் வாசப்படி ஏறல."

"அப்போ அந்த நாற்காலி..."

"யாரையும் எதிர்பாத்து இல்லம்மா. அந்தப் புருஷன் வந்துடுவானோன்னு காவல் இருக்காங்க."

அவள் நர்ஸ் காட்டிய பக்கம் நடந்தாள்.

பின்நடையில் ஒரு தகரக் கூரைக்கடியில், ஒடுங்கிய பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். முழங்காலில் அதே சின்னப் பை. மென்மையான துணியால் அந்தப் பழைய வில்லையை வட்டமாக, மெதுவாக, ஒரு குழந்தையின் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"டீச்சர்... நீங்க எங்க இங்க?"

அவள் கையை மட்டும் நீட்டினாள். என்ன கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. கண்ணாடியை அவள் உள்ளங்கையில் வைத்தான். இந்தத் தடவை விரல் பட்டது.

அவள் உள்ளே போய், நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, அந்தக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். அந்த அம்மாள் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார்.

"வாசல்ல யாராவது நிக்கறாங்களா?"

"யாரும் இல்லம்மா. பாத்துட்டுத்தான் வந்தேன்."

அப்படியும் அந்தக் கண்ணில் பயம் போகவில்லை. அவள் ஒரு முக்காலியை இழுத்து நாற்காலிக்கும் வாசலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வாசல் மறைந்தது. நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்த அந்தக் கை கொஞ்சம் தளர்ந்தது.

"கண்ணாடி நல்லாருக்கு... யாரு துடைச்சது?"

"உங்க பையன்."

"பொய் சொல்லாத. அவன் பள்ளிக்கூடம் போயிருக்கான்." அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "சின்னவன்... வந்ததும் சாப்பாடு போடணும். அவங்கப்பா வர்றதுக்குள்ள சாப்பிட்டுத் தூங்கிடணும். பாவம், நடுவுல வந்து விழுந்துடறான்... அடியெல்லாம் அவன் வாங்கிக்கறான்."

பின்பக்கத்து ஜன்னலில், கம்பிவலைக்கு அந்தப் பக்கம், ஒரு நிழல் தலைகுனிந்து நின்றது.

* * *

அந்த அம்மாள் கண்ணயர்ந்த பிறகுதான் அவள் வெளியே வந்தாள். தூறல் நிற்கவில்லை. பெஞ்சில் அவளுடைய குடை இருந்தது. மறந்துவிட்டுப் போன நாளிலிருந்து அதையும் அவன் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான்!

"ஏன் சொல்லல? அன்னிக்கு ஏன்னு கேட்டேனே... ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"அம்மா அதை யார்கிட்டயும் சொன்னதே இல்ல. கைல காயம் இருந்தாக்கூட, கதவுல இடிச்சுக்கிட்டேன்னுதான் சொல்வாங்க. அவங்க அவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சதை, என்னை நல்லவன்னு காட்டிக்கறதுக்காக நான் சொல்லவா?"

"அவருக்கு எழுதறேன் நான். திருத்தம் போடச் சொல்றேன்."

"வேண்டாம். போட்டா எங்கம்மா கதை ஊருக்கே தெரியும். என்னைத் திட்டிட்டுப் போகட்டும், பழகிடுச்சு." நிறுத்தினான். "ஊர் திட்டினது பழகிடுச்சு. நீங்க திட்டினதுதான்..."

அவள் முடிக்க விடவில்லை.

"ஒரு எழுத்து விடாமப் பிரிச்சுப் பாக்கத் தெரியும்னு இறுமாப்பு எனக்கு. உங்களை வாரா வாரம் பாத்தேன்... ஆனா கட்டுரையை நம்பினேன். எனக்கு மன்னிப்புக் கேக்கக்கூட வாய் வரல."

"கேக்காதீங்க."

"சரி, கேக்கல. வேற ஒண்ணு சொல்லணும்." கூரை விளிம்பில் நின்றிருந்த அவள் கண்ணாடியில் மழை புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது. குடை கையில் இருந்தும் விரிக்கத் தோன்றவில்லை. "என் கண்ணாடிக்குத் திருகாணி தளரவே இல்ல. மூக்குல அழுத்தவும் இல்ல. ஒரு நாள் கூட."

"தெரியும்."

"தெரியுமா?"

"நான் செஞ்ச கண்ணாடி டீச்சர் அது... எனக்குத் தெரியாதா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அப்போ எதுக்கு ஒவ்வொரு தடவையும் சரி பண்ற மாதிரி நடிச்சீங்க?"

"சரியாத்தான் இருக்குன்னு சொன்னா, நீங்க அடுத்த வாரம் வர மாட்டீங்களே."

அவள் கண்ணாடிக்கு அடியில் விரலை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா லேசுல நம்ப மாட்டார்," என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமைக்காரர்னா அவருக்கு உயிர்."

"நம்பலேன்னா?"

"நம்பற வரைக்கும் சொல்லிட்டே இருப்பேன். அவர்கிட்ட மட்டும்... அதுக்கு அனுமதி குடுங்க."

அவன் தலையாட்டினான். கையை நீட்டி, கேட்காமலே அவள் கண்ணாடியைக் கழற்றினான். உலகம் மறுபடி கரைந்தது. மஞ்சள் கட்டடம் போயிற்று, பெஞ்சு போயிற்று, அவன் முகமும் ஒரு மங்கலான உருவமாயிற்று, முதல் நாள் போலவே. ஆனால் இப்போது அது யார் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த மென்மையான துணியால் மழைப்புள்ளிகளைத் துடைத்து, ஊதி, மறுபடி துடைத்து, அவள் காதில் மாட்டிவிட்டான்.

"இப்போ தெளிவா தெரியுதா?"

அவன் கண்கள் நிறைந்திருந்தன. உள்ளே அவனுடைய அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். விழித்ததும் மறுபடி வாசலைப் பார்ப்பார், மறுபடி பயப்படுவார். அதை யாராலும் மாற்ற முடியாது. அந்த வாசலுக்கு நடுவில் ஒரு முக்காலி போட்டு உட்கார மட்டும்தான் முடியும்.

"தெரியுது," என்றாள். "அடுத்த வியாழக்கிழமை நானும் வர்றேன். நீங்க துடைச்சுக் குடுங்க. நான் உள்ள கொண்டு போறேன்... அதுக்கடுத்த வியாழக்கிழமையும். எனக்கு உயிர் இருக்கற வரைக்கும்."

அவன் அவள் கையிலிருந்த குடையை வாங்கி விரித்தான்.